ஒரு டீ, ரெண்டு டம்ளர்

அந்தக் காகிதத்தை மடிச்சுப் பையில வைக்காதீங்க சார். கையிலேயே வச்சிருங்க. உள்ளே கூப்பிட்டதும் முதல்ல அதைத்தான் கேட்பாங்க.

பக்கத்துல உட்காரலாமா? உட்கார்ந்தே விட்டேன் பாருங்க, கேட்கிறதுக்கு முன்னாடி. நின்னா மூச்சு வாங்குது.

புது ஆள்தானே நீங்க? பார்த்ததும் தெரிஞ்சது. புது ஆளுங்க அந்தக் காகிதத்தை முதல் பக்கத்திலேர்ந்து வரி விடாம படிப்பாங்க. பழைய ஆளுங்க விசிறிக்கிறதுக்கு வச்சிருப்பாங்க. என்ன, ஹார்ட்டு பம்பிங் கம்மின்னு சொன்னாங்களா? எனக்கும் அதேதான். இந்த வராந்தாவுல உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அதேதான். கூட வந்தது உங்க வீட்டம்மாவா? ஊசிச் சீட்டுக்குப் போயிருக்காங்களா, வரட்டும் வரட்டும். அங்கே வரிசை சீக்கிரம் நகராது.

என் பேர் தவசிலிங்கம். ராஜபாளையம். ஸ்பின்னிங் மில்லுல மூணாம் ஷிப்ட் பார்த்தவன். கல்யாணமாகி வந்த பொம்பளை என்னைப் பகல்ல தூங்குற மனுஷனாத்தான் பார்த்திருக்கா. ராத்திரி முழுக்க மெஷின் ஓடும், நூல் அறுந்தா ஒட்டணும், அறுபடாத நேரம் படிக்கணும். படிக்கணும்னா பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. வடை மடிச்ச பேப்பர், பழைய வாரப் பத்திரிகை, மருத்துவப் பக்கம், விஞ்ஞானப் பக்கம், கையில கிடைச்சது எல்லாம். எட்டாவதோட நின்னவன் சார் நான். ஆனா இருதயத்துல எத்தனை அறைன்னு என்னைக் கேளுங்க, வால்வு எங்கே இருக்குன்னு கேளுங்க, சொல்லுவேன். படிச்சு என்ன பிரயோசனம்? மூச்சு வாங்கினப்ப பஞ்சுத் தூசின்னு நினைச்சேன். மில்லுல எல்லாருக்கும் இளைப்புதானே. காலு வீங்கினப்பதான் இது வேறன்னு தெரிஞ்சது.

அந்தக் காகிதத்துல நீட்டி முழக்கி எழுதியிருக்கிறதை நான் நாலு வார்த்தையில சொல்றேன். புது மருந்து ஒண்ணைச் சோதிக்கிறாங்க. நீங்க இப்ப சாப்பிடுற மாத்திரை எதையும் நிறுத்தக்கூடாது. அதுக்கு மேல, காலையில ஒண்ணு, அவங்க தர்ற பாட்டில்லேர்ந்து. பாதிப் பேர் பாட்டில்ல நிஜ மருந்து இருக்கும். மீதிப் பேர் பாட்டில்ல டம்மி. பார்க்க ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"டாக்டருக்கே தெரியாதாம்லவே! டிரைவருக்கே ரூட்டு தெரியாத பஸ்ஸு. ஏறி உட்காந்தாச்சு, எங்க போய் நிக்குதுன்னு பாப்போம்."

இதைச் சொன்னவர் இருளப்பன். இதே பெஞ்சுல, நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல. சங்கரன்கோவில் பக்கம். மினி பஸ் கண்டக்டர். இங்கே எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்போம், அவர் மட்டும் "முன்னால நகந்து போங்க, உள்ள இடம் கெடக்கு"ன்னு வராந்தாவை ஓட்டிக்கிட்டு இருப்பார். என் பேரைச் சொல்லி ஒரு நாள் கூப்பிட்டதில்லை. 'மில்லு'ன்னுதான் கூப்பிடுவார். நான் 'கண்டக்டரே'ம்பேன்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேர்ந்தோம். போன தை. உள்ளே கூப்பிட்டு கேமரா முன்னாடி உட்கார வைப்பாங்க சார், பயப்படாதீங்க. நாம முழு மனசோட சம்மதிக்கிறோம்கிறதை வீடியோ எடுத்து வச்சுக்கணும்னு சட்டம். டாக்டர் ஒவ்வொண்ணா விளக்குவார், புரிஞ்சதான்னு கேட்பார், புரிஞ்சதுன்னு நீங்க வாயைத் திறந்து சொல்லணும். தலையாட்டினா போதாது.

கண்டக்டர் உள்ளே போறதுக்கு முன்னாடி சீப்பு எடுத்துத் தலை சீவினார். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிட்டு வந்தார். பொண்ணு பார்க்கப் போற மாதிரி. வெளியே வந்ததும் என்கிட்ட, "மில்லு, நான் கேட்டேன்லா, இது டிவியில வருமான்னு. டாக்டரு சிரிச்சிட்டாரு. சிரிச்சதும் படத்துல விழுந்திருக்கும்லா?"ன்னார்.

அப்படிப்பட்ட ஆள்.

எங்களுக்குத் தண்ணி அளவு உண்டு தெரியுமா? உங்களுக்கும் சொல்லியிருப்பாங்களே. இஷ்டத்துக்குக் குடிச்சா கால்ல இறங்கும், அப்புறம் நெஞ்சுல ஏறும். ஒரு முழு டீ குடிச்சா அந்த வேளைத் தண்ணியைக் குறைச்சாகணும். அதனால செக்கப் முடிஞ்சு போகும்போது கேட்டுக்கு வெளியே இருக்கிற கடையில ஒரே ஒரு டீ வாங்கி, ரெண்டு டம்ளர்ல ஊத்திக்குவோம். கண்டக்டர்தான் ஊத்துவார். ஓடுற பஸ்ல ஒரு கையால கம்பியைப் பிடிச்சு மறு கையால டிக்கெட் கிழிச்ச ஆள், சிந்தவே மாட்டார். ஊத்தி முடிச்சுட்டு ரெண்டு டம்ளரையும் கண்ணு உசரத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். எதுல கொஞ்சம் ஏறியிருக்கோ அதை என் பக்கம் தள்ளுவார்.

நான் கேட்டது கிடையாது. அவரே தள்ளுவார்.

மாசி பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். செக்கப்புக்கு வந்த மனுஷனைப் பார்த்து எனக்கு அடையாளமே தெரியலை. மேல லிஃப்ட் வேலை செய்யலைன்னு படியேறி வந்திருக்கார். வியர்வைகூட இல்லை. "மில்லு, மூணு தலகாணி வச்சுத் தூங்கினேன்லா, ஒண்ணாயிட்டுவே. பேச்சி என்னை எழுப்பிப் பாக்கா, உசுரோட இருக்கேனான்னு. அம்புட்டுத் தூக்கம்." பேச்சிங்கிறது அவர் சம்சாரம்.

ஆறு நிமிஷம் நடக்கச் சொல்வாங்க சார், அந்தக் கடைசி வராந்தாவுல. ரோட்டுல போலீஸ்காரங்க வைப்பாங்களே ஆரஞ்சுக் கூம்பு, அது மாதிரி ரெண்டு கூம்பு வச்சிருப்பாங்க. இந்தக் கூம்புக்கும் அந்தக் கூம்புக்குமா நடக்கணும், முடியலைன்னா நிக்கலாம். எவ்வளவு தூரம் நடந்தோம்னு எஸ்தர் மேடம் குறிச்சுக்குவாங்க. அவங்கதான் இந்த ஆராய்ச்சி வேலையெல்லாம் பார்க்கிறவங்க. மாத்திரை தர்றதும் அவங்கதான். நல்ல பொண்ணு. அன்னைக்குக் கண்டக்டர் நடக்கிறார், நடக்கிறார், திரும்பித் திரும்பி நடக்கிறார். "ரைட் ரைட்"னு விசில் வேற. நான் பாதியில சுவத்தைப் பிடிச்சுட்டேன்.

எனக்கு அதே மூணு தலையணை. அதே கால் வீக்கம். கட்டை விரலால அமுக்கினா குழி விழுந்து அப்படியே கிடக்கும்.

அப்ப என்ன அர்த்தம்? இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேணுமா?

ஆனாலும் நான் அவசரப்பட்டு முடிவுக்கு வர்ற ஆள் இல்லை. படிச்சிருக்கேன்ல, எதையும் சோதிச்சுப் பார்த்துத்தான் நம்பணும்னு. ஒரு ஞாயித்துக்கிழமை சங்கரன்கோவிலுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மாத்திரையில ஒண்ணு, என் மாத்திரையில ஒண்ணு, ரெண்டையும் பொடிச்சு அவங்க அடுப்படி மேடையில தனித்தனியா வச்சோம். எறும்பு வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். பேச்சி தலையிலடிச்சுக்கிட்டா. "ரெண்டு பெரிய ஆம்பளைய, எறும்புக்குச் சோறு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீயளே!" கடைசியில வந்தது. என் பொடிக்குத்தான் வந்தது. வரிசை கட்டி. அவர் பொடியைச் சுத்திக்கிட்டுப் போச்சு.

விஞ்ஞானம்னா அதுதான் சார். என்னோடது டம்மி.

கண்டக்டர் அந்த எறும்பையே பார்த்துக்கிட்டு இருந்தார். அவருக்குத்தான் கஷ்டமா இருந்தது, எனக்கு இல்லை. நான் சொன்னேன், "விடுங்க கண்டக்டரே. உங்களுக்கு விழுந்திருக்கு, எனக்கு விழலை. அவ்வளவுதான். நான் பிறந்த நேரம் அப்படி." அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லலை. அன்னைக்குச் சாப்பிடும்போது ஒரு தடவை சொல்லியிருப்பேன். பஸ் ஏத்திவிட வந்தப்ப ஒரு தடவை. அடுத்த செக்கப்புல டீக்கடையில... சரி, மனசுல இருக்கிறதைச் சிநேகிதன்கிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்றது? என் மகளுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருந்தோம். ஒரே மக. "மேடையில நின்னு கையைப் பிடிச்சுக் கொடுக்க நான் இருப்பேனோ மாட்டேனோ, நீங்க கட்டாயம் வந்திருங்க கண்டக்டரே"ன்னேன். கூப்பிடக்கூடாதா?

டம்ளர் ரெண்டும் அவர் முன்னாடி இருந்தது. டீயை ஊத்தலை. பார்த்துக்கிட்டே இருந்தார்.

"வே மில்லு. டீய மட்டும்தான் பங்கு போடணுமா?"

சத்தியமாச் சொல்றேன் சார், அவர் வாயிலேர்ந்து வந்தது. நான் கேட்கலை.

ஒரு நாள் நிஜம், ஒரு நாள் டம்மி. ரெண்டு பேருக்கும். பாட்டில் மேல நம்பர் ஒட்டியிருக்கும், அதை மாத்தினா மாட்டிக்குவோம். அதனால பாட்டில் அவங்கவங்க பாட்டில், உள்ளே இருக்கிற மாத்திரையில மட்டும் பாதியை மாத்திப் போட்டுக்கிட்டோம். மாசா மாசம் மிச்ச மாத்திரையைக் கொண்டு வந்து கொடுக்கணும், எஸ்தர் மேடம் எண்ணிப் பார்ப்பாங்க. எண்ணட்டுமே. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. டீக்கடையில பின் பெஞ்சுல உட்கார்ந்து, கைக்குட்டையை விரிச்சு, கண்டக்டர்தான் பிரிப்பார். பிரிச்சு முடிச்சுட்டு, பழக்க தோஷம், ரெண்டு பாட்டிலையும் தூக்கிக் கண்ணு உசரத்துல பார்ப்பார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும், அவருக்கும் வரும். "பேச்சிகிட்ட மட்டும் சொல்லிராதீரு. கொன்னு போட்டிருவா."

தப்புங்கிறீங்களா? எது தப்பு? ரெண்டு பேர், ஒரு மருந்து. ஒருத்தன் முழுசாத் தின்னு, இன்னொருத்தன் வேடிக்கை பார்க்கிறது நியாயமா? கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், எனக்கு மக இருக்கான்னு?

எனக்கு மருந்து கேட்டது சார். வைகாசி பாதியில ஒரு தலையணையை எடுத்துப் போட்டேன். செருப்பு தளர்ந்தது. கூம்பைச் சுத்தி நிக்காம நடந்தேன். எஸ்தர் மேடமே, "அங்கிள், சூப்பர்"னு சொன்னாங்க. பத்திரிகை அடிக்க, மண்டபம் பார்க்க, நகைக்கடைக்கு, எல்லாத்துக்கும் நானே அலைஞ்சேன்.

கண்டக்டருக்குத்தான் ஒத்துக்கலை. தலையணை ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. நடக்கும்போது விசில் இல்லை. நான் யோசிச்சேன், ஏன்னு. எனக்குக் கேட்கிற மருந்து அவருக்கு ஏன் கேட்கலை? அப்புறம் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனப்பதான் விஷயம் பிடிபட்டது. வாசல்லேயே வாடை. கருவாட்டுக் குழம்பு.

எனக்கு வந்தது பாருங்க கோபம். "ஏம்மா பேச்சி, இவருக்கு உப்பு விஷம்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிறார், நீ கருவாடு ஆக்கிப் போடுறியா?"ன்னு சத்தம் போட்டேன். அவ கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "எனக்கும் பிள்ளைகளுக்கும்தான் வச்சேன்ணே. அவுக கேட்டாகன்னு ஒரு துண்டு..." "அந்த ஒரு துண்டுதான் இவரைக் கொல்லுது!"ன்னேன்.

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். பேசாம இருந்துட்டார். தன் மேல தப்பு இருக்கிறவன் என்ன பேசுவான்?

அன்னையிலேர்ந்து அந்த வீட்டுல உப்பே இல்லை. குழந்தைகளுக்கும் இல்லை. உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத ரசம். அப்படியும் அவருக்கு வீக்கம் வத்தலை. ஏற்கெனவே தின்ன கருவாடு சும்மா விடுமா?

ஆடி மாசம் வந்தது. இங்கே பாருங்க, இந்த ஆடி மாசம் நடந்ததைத்தான் நான் யார்கிட்டேயும் சொன்னதில்லை. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுது, ஏன்னு தெரியலை. உங்க முகம் அப்படி. செக்கப் முடிஞ்சு டீக்கடைக்கு வந்தோம். கேட்டுலேர்ந்து கடைக்கு நடக்கிறதுக்குள்ள கண்டக்டர் ரெண்டு இடத்துல நின்னார். உட்கார்ந்ததும் கைக்குட்டையை விரிச்சார். பிரிக்கலை. அவர் பாட்டில்ல இருந்ததை மொத்தமா என் பாட்டில்ல கொட்டினார். என்னோடதைத் தன் பாட்டில்ல போட்டுக்கிட்டார்.

"என்ன கண்டக்டரே இது?"

"உமக்குத்தான்வே கேக்குது. பாதி பாதியாத் தின்னு ரெண்டு பேரும் போறதுக்கு, கல்யாணம் முடியிற வரைக்கும் நீரு முழுசாத் தின்னும். மேடையில நிக்கணும்லா. பொறவு மாத்திக்கிடுவோம்."

நான் வேண்டாம்னேன். "வேண்டாம் கண்டக்டரே"ன்னு சொன்னேன் சார். ஒரு தடவை சொன்னேன். அவர் மூடியைத் திருகி என் சட்டைப் பையில வச்சுட்டார். அதுக்கப்புறம் அதை வெளியே எடுத்துத் திருப்பிக் கொடுத்தா, ஒரு மனுஷன் மனசு நோகாதா?

கல்யாணத்துக்கு வந்தார். பேச்சி கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தா. செருப்பு போட முடியலை, பாதம் அப்படி. தாம்பூலப் பை கொடுக்கிற இடத்துல ஃபேனுக்கு அடியில நாற்காலி போட்டு உட்கார வச்சேன். நான் மேடைக்கும் பந்திக்குமா ஓடுறேன், ஏறுறேன், இறங்குறேன். தாலி கட்டி முடிஞ்சு மக கையைப் பிடிச்சுக் கொடுத்துட்டுக் கீழே பார்த்தா, கண்டக்டர் நாற்காலியில உட்கார்ந்தபடியே ரெண்டு விரலை வாயில வச்சு விசிலடிக்கிறார். காத்துதான் வந்தது, சத்தம் வரலை. சத்தம் வந்த மாதிரியே சிரிச்சார்.

போட்டோவுல இருக்கார் சார். வீட்டுக்கு வந்தா காட்டுறேன். ஓரத்துல, பாதி உடம்பு.

கல்யாணம் முடிஞ்சதும் மாத்தியிருக்கலாம்தான். மாத்தணும்னுதான் இருந்தேன். மறுவீடு இருந்தது. மறுவீட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டு விருந்து. சம்பந்தி வீடு மாடியில. இழுத்துக்கிட்டுப் போய் நிக்க முடியுமா? அடுத்த செக்கப்புக்கு எப்படியும் பார்க்கத்தானே போறோம், அப்ப மாத்திக்குவோம்னு இருந்தேன். அவரும் போன் பண்ணலை. பண்ணியிருந்தா கொண்டு போய்க் கொடுத்திருப்பேன்.

அடுத்த செக்கப்புக்கு அவர் வரலை. புரட்டாசி முதல் சனிக்கிழமை, பேச்சிதான் போன் பண்ணினா. உட்கார்ந்தபடியே போயிருக்கார். சுவத்துல சாஞ்சு.

நான்தான் முன்னாடி நின்னு எல்லாம் செஞ்சேன். சொந்த அண்ணன் தம்பி செய்ய மாட்டான்.

பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சேர்ந்து வந்து போறவங்கன்னு தெரியும். "இறந்தவர் மாத்திரையைச் சரியாச் சாப்பிட்டாரா? விட்டுவிட்டுச் சாப்பிட்டாரா? உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க, இது முக்கியம்"னார். முகத்துல கவலை. மருந்தால போயிட்டாரோ, மருந்து கேட்காமப் போயிட்டாரோன்னு அவருக்கு. நான் யோசிச்சேன். உண்மையைச் சொன்னா என்ன ஆகும்? செத்த மனுஷன் பேர் கெடும். ஏமாத்துக்காரன்னு எழுதி வைப்பாங்க. சிநேகிதனுக்கு அதைச் செய்யலாமா?

"ஒரு நாள் விட்டதில்லை டாக்டர். நான் சாட்சி"ன்னேன்.

எழுதிக்கிட்டார். இப்ப அந்த ஃபைல்ல கண்டக்டர் பேர் தங்கமா இருக்கு. மருந்தை ஒழுங்காச் சாப்பிட்டும் இறந்தார்னு இருக்கு. என்னையும் இந்த ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்து வெளியே போடலை, அது வேற.

பேச்சி வந்தா, ஐப்பசியில. இங்கேதான், இந்த வராந்தாவுக்கு. கையில குடை. "அண்ணே, அவுகளை இங்க படம் பிடிச்சாகளாமே. பேசுற படம். எங்க வீட்டுல ஒரு போட்டோதாண்ணே இருக்கு, லைசன்ஸுக்கு எடுத்தது. முறைச்சுக்கிட்டு இருப்பாக. பேசுற மாதிரி ஒரு தடவை பாத்துக்கிடுதேன். கேட்டுக் குடுங்கண்ணே."

எஸ்தர் மேடம் முதல்ல முடியாதுன்னுதான் சொன்னாங்க. விதி இருக்காம். நான் விடலை. எனக்காக எதையும் கேட்காதவன் சார் நான், அடுத்தவங்களுக்குன்னா நிப்பேன். அவங்க டாக்டர்கிட்டப் போய், அவர் யார் யார்கிட்டேயோ பேசி, கடைசியில கையில தர முடியாது, ஒரு தடவை போட்டுக் காட்டுறோம்னாங்க. உள்ளே அந்த ரூம்லதான். நீங்க இப்ப போகப்போற ரூம்.

கம்ப்யூட்டர்ல கண்டக்டர் வந்தார். தலை சீவி, முகம் கழுவி. டிவியில வருமான்னு கேட்கிறார். டாக்டர் சிரிக்கிறார். பேச்சியும் சிரிச்சுட்டா. முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கிறா, கண்ணு பாட்டுக்குக் கொட்டுது. டாக்டர் ஒவ்வொண்ணாச் சொல்லிட்டு வர்றார். எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம், புரிஞ்சதா? புரிஞ்சது சார். இந்த மாத்திரையை நீங்க மட்டும்தான் சாப்பிடணும், வேற யாருக்கும் கொடுக்கக்கூடாது, புரிஞ்சதா?

அதுக்குக் கண்டக்டர் சொல்றார், "அது எப்படி சார் குடுப்பேன்? பஸ் பாஸு மாதிரில்லா. அடுத்தவன் பாஸுல எவனாவது ஏறினா, பாதி வழியில எறக்கி விட்ருவேன்லா நானு!"

சொல்லிட்டு அவரே சிரிக்கிறார்.

அந்த இடத்துல எஸ்தர் மேடம் ஏன் திரும்பி என்னைப் பார்த்தாங்கன்னு எனக்கு இன்னும் புரியலை. நான் ஒண்ணும் பண்ணலை. இருமினேன். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் பேச்சி இந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அழுகை அடங்கின குரல்ல கேட்டா. "அண்ணே. நான் போட்ட கருவாடுதான் அவுகளைக் கொன்னுட்டுதா?"

என்ன சொல்றது? நடந்ததை மாத்த முடியுமா? "அப்படியெல்லாம் நினைக்காத தாயி. தெரியாமத்தானே செஞ்ச. நான் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்"ன்னேன். அவ என் காலைத் தொட்டுக் கும்பிட்டா சார். இன்னும் அந்த வீட்டுல உப்பு போடுறதில்லைன்னு கேள்வி.

எஸ்தர் மேடம் நடையை எண்ணுறது கேட்குதா? கூம்பு வச்ச வராந்தாவுல யாரோ நடக்கிறாங்க. நான் இப்பல்லாம் ரெண்டு நடையில உட்கார்ந்துடுறேன். கண்டக்டர் கொடுத்தது புரட்டாசியோட தீர்ந்துபோச்சு. இப்ப சுத்தமா என் பாட்டில்தான். வீட்டுல தலையணையும் பத்தலை, சுவத்துல சாஞ்சுதான் கண்ணை மூடுறேன். மக மூணு மாசம் சார். வளைகாப்பு இருக்கு, பிரசவம் இருக்கு. பேரப்பிள்ளையை ஒரு தடவை தூக்கணும். மனுஷனுக்கு அது ஒரு பெரிய ஆசையா?

சங்கரன்கோவில் பக்கம் அதுக்கப்புறம் போகலை. உடம்பு முடியலை.

உங்களுக்கு ஊர் எது? விருதுநகரா? அட. பக்கம்தான். ஒரே பஸ்ல போயிடலாம். பிள்ளைங்க? எல்லாம் செட்டில் ஆகிட்டாங்களா? ரெண்டு பேருக்கும் கல்யாணம் முடிஞ்சு, பேரன் பேத்தியும் பார்த்தாச்சா? கொடுத்து வச்சவர் சார் நீங்க. இனிமே உங்களுக்கு என்ன குறை? நிம்மதியான மனுஷன். முகத்தைப் பார்த்ததுமே நினைச்சேன்.

அதோ, எஸ்தர் மேடம் எட்டிப் பார்க்கிறாங்க. உங்களைத்தான். எழுந்திருங்க, மெதுவா. காகிதத்தைக் கையில வச்சுக்குங்க. கேமராவைப் பார்த்துப் பேசுங்க. எதைக் கேட்டாலும் புரிஞ்சதுன்னு சொல்லுங்க, அப்பதான் மருந்து தருவாங்க. பாட்டில் வாங்கினதும் ஒரு மாசம் சாப்பிட்டுப் பாருங்க. படியேறும்போது மூச்சு லேசானா, தலையணை குறைஞ்சா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. கேட்டுச் சந்தோஷப்படுவேன், வேற ஒண்ணும் இல்லை.

நான் எதையும் கேட்கலை சார். கேட்கிற ஆளே கிடையாது நான்.

போயிட்டு வாங்க. வெளியே கடையில ஒரு டீ சொல்லி வைக்கிறேன். ரெண்டு டம்ளர்.